முதல் ஸ்கேனிலேயே பல் தேய்மானம் தெரிந்துவிடுமா?

கேள்வி இது: "எனக்கு வயது 36. பல் கூச்சத்துக்காக டாக்டரிடம் போனேன். வாய்க்குள் பேனா போன்ற ஒரு கேமராவை விட்டு ஸ்கேன் எடுத்தார். திரையில் என் பற்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் நிறமாகத் தெரிந்தன. 'பல் தேய்ந்திருக்கிறது, ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து ஒப்பிடலாம், தேவைப்பட்டால் சில பற்களுக்கு கேப் போடலாம்' என்றார். சிவப்பாகத் தெரிந்த பல்லெல்லாம் தேய்ந்த பல்லா? இந்த ஸ்கேனை எவ்வளவு தூரம் நம்பலாம்? கதிர்வீச்சு ஆபத்து ஏதும் உண்டா?"

நான் பல் மருத்துவர். கேப், பாலம், செயற்கைப் பல் என்று இழந்த பல்லைத் திரும்பக் கட்டுவதுதான் என் பிரிவு. இந்த ஸ்கேனர் தினமும் என் கையில் இருக்கும் கருவி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கதிர்வீச்சு பற்றிய பயம் வேண்டாம். இது எக்ஸ்ரேயும் இல்லை, சிடி ஸ்கேனும் இல்லை. கருவியின் நுனியிலிருந்து வெளிச்சம் பல் மேல் விழுகிறது, திரும்பி வரும் வெளிச்சத்தை வைத்துப் பல்லின் மேற்பரப்பு முப்பரிமாண வடிவமாகக் கணக்கிடப்படுகிறது, அவ்வளவுதான். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும்கூடத் தாராளமாக எடுக்கலாம்.

அடுத்து அந்தச் சிவப்பு. உங்களுக்கு எடுத்தது முதல் ஸ்கேன் என்றால், அந்த நிறங்கள் தேய்மானத்தைக் காட்டியிருக்கவே முடியாது. தேய்மானம் என்பது முன்பு இருந்து இப்போது இல்லாமல் போன பகுதி. ஒரே ஒரு ஸ்கேனில் இப்போது இருப்பது மட்டும்தான் இருக்கும். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கடி வரைபடமாக இருக்கும். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டையும் ஸ்கேன் செய்து, கடித்த நிலையிலும் ஒரு ஸ்கேன் எடுத்தால், எந்தப் பல் எதிர்ப்பல்லை எங்கே தொடுகிறது என்பதை மென்பொருள் நிறமாகக் காட்டும். பல நிறுவனங்களின் மென்பொருளில் அழுத்தமாகத் தொடும் இடம் சிவப்பு. நல்ல ஆரோக்கியமான வாயிலும் அப்படிச் சிவப்பு இருக்கும், இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாப்பிட முடியாது. உங்கள் டாக்டர் தவறாகச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. பல்லை நேரில் பார்த்தே தேய்மானம் இருப்பதாகச் சொல்லியிருப்பார், படத்தை வேறு எதையோ விளக்கக் காட்டியிருப்பார், இரண்டும் உங்கள் மனதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அடுத்த முறை போகும்போது "அந்த நிறப் படம் கடியா, ஒப்பீடா?" என்று கேட்டுவிடுங்கள்.

தேய்மானம் இருக்கிறதா, எந்த அளவு என்று முதல் நாள் சொல்வது இன்றைக்கும் கண் பார்வையின் வேலைதான். அதற்கு 2008-ல் பார்ட்லெட், கான்ஸ், லுஸ்ஸி என்ற மூவர் வகுத்த எளிய முறை ஒன்று உண்டு. வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மிக மோசமான பல்லுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மேற்பரப்பின் இயல்பான நுண் அமைப்பு மட்டும் போயிருந்தால் 1, தெளிவான பள்ளம் இருந்து பரப்பில் பாதிக்குக் குறைவாக இழந்திருந்தால் 2, பாதியோ அதற்கு மேலோ போயிருந்தால் 3. கூட்டினால் அதிகபட்சம் 18. இதற்கு ஒரு கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும். ஆனால் இந்த முறைக்கு ஒரு குறை உண்டு: 2-லிருந்து 3-க்குப் போக ஒரு பல்லுக்குப் பல வருடம் ஆகலாம். அந்த இடைப்பட்ட காலத்தில் தேய்மானம் அப்படியே நிற்கிறதா, பல் வேகமாகக் கரைகிறதா என்பதை மதிப்பெண் சொல்லாது. ஸ்கேன் உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான்.

இப்போது அளவுகளைப் பார்ப்போம், ஏனென்றால் நம்பலாமா என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. கடைவாய்ப் பல்லின் மேட்டில் எனாமல், அதாவது பல்லின் கடினமான வெளி உறை, சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை தடிமன் இருக்கும், ஈறு ஓரத்துக்குப் போகப் போக மெலிந்துகொண்டே வரும். பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1989-ல் வெளியிட்ட அளவீட்டின்படி, எதிர்ப்பல் வந்து தொடும் இடங்களில் எனாமல் சாதாரணமாகத் தேயும் வேகம் கடைவாய்ப் பல்லில் வருடத்துக்கு ஏறக்குறைய 29 மைக்ரான், முன்கடைவாய்ப் பல்லில் 15 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும். ஆக, வயதோடு வரும் இயல்பான தேய்மானம் ஒரு முடியின் அளவை எட்டவே சில வருடங்கள் ஆகும்.

வாய்க்குள் விடும் ஸ்கேனர் இதை அளப்பதற்காகப் பிறந்த கருவி இல்லை. 1980-களில் சூரிச்சில் பல் மருத்துவர் வெர்னர் மோர்மனும் மின்பொறியாளர் மார்கோ பிராண்டெஸ்டினியும் சேர்ந்து செரெக் என்ற கருவியை உருவாக்கினார்கள். 1985-ல் அதை வைத்து நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே பீங்கான் அடைப்பு செய்து பல்லில் பொருத்தினார்கள். நோக்கம் மாவு வைத்து அளவெடுப்பதைத் தவிர்ப்பது. கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே 120 மைக்ரான் வரை இடைவெளி இருந்தாலும் வேலைக்கு ஆகும் என்பது 1971-லிருந்து எங்கள் துறையில் புழங்கும் கணக்கு. அந்த வேலைக்கு இன்றைய ஸ்கேனர்கள் தாராளம். வருடத்துக்கு 29 மைக்ரான் தேயும் பல்லை அதே கருவியால் கண்காணிக்கப் போனால், கருவியின் சொந்தப் பிழையே அளக்க வேண்டிய அளவைத் தாண்டி நிற்கிறது. ஒற்றைப் பல் என்றால் பிழை சில பத்து மைக்ரான். முழு வரிசை என்றால் இன்னும் கூடும், ஏனென்றால் ஸ்கேனர் துண்டு துண்டாகப் படமெடுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு ஒட்டிலும் விழும் சின்னப் பிழை கடைசிப் பல் வரைக்கும் சேர்ந்துகொண்டே போகும்.

அதனால் ஆறு மாதம் என்பது பெரும்பாலானவர்களுக்குப் போதாது. ஆறு மாதத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்றால் "தேய்மானம் நின்றுவிட்டது" என்று அர்த்தம் கிடையாது. கருவியால் பிரித்தறிய முடியாத அளவுதான் தேய்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் உறுதி. ஒரு வருடமோ அதற்கு மேலோ விட்டு எடுத்தால் பேச்சுக்கு வலு கிடைக்கும். தினமும் வாந்தி, கட்டுப்படாத எதுக்களிப்பு, நாள் முழுக்க குளிர்பானம் என்று அமிலத் தாக்குதல் கடுமையாக உள்ளவர்களுக்கு மட்டும் ஆறு மாதத்திலேயே மாற்றம் தெரியலாம்.

இரண்டு ஸ்கேனை எப்படி ஒப்பிடுகிறார்கள் என்பது இதைவிட முக்கியம், ஆனால் இதை யாரும் நோயாளியிடம் விளக்குவதில்லை. இரண்டு வடிவங்களையும் கணினி ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். வழக்கமான முறையில், இரண்டுக்கும் இடையே மொத்த வித்தியாசம் எவ்வளவு குறைவாக வருமோ அப்படிப் பொருத்திவிடும். இங்கேதான் சிக்கல். பல்லின் மேற்பக்கம் உண்மையிலேயே 100 மைக்ரான் தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வித்தியாசத்தைக் குறைப்பதே குறி என்பதால், கணினி புதிய பல்லைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துவிடும். மேலே இருந்த இழப்பு பக்கங்களுக்குப் பங்கிடப்பட்டு, எல்லா இடத்திலும் லேசான மாறுதல் என்று படம் வரும். உண்மையான தேய்மானம் அதில் மறைந்துபோகும்.

இதற்கு மாற்று வழி, தேய வாய்ப்பில்லாத பரப்பைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் வைத்துப் பொருத்துவது. கடைவாய்ப் பல்லில் கன்னப்பக்கச் சுவரும் நாக்குப்பக்கச் சுவரும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவற்றை நங்கூரமாக வைத்துக்கொண்டு மேற்பரப்பைப் பார்த்தால் இழப்பு உள்ளபடி தெரியும். லண்டன் கிங்ஸ் கல்லூரியும் லீட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்த வேலைக்கென்றே 'வேர்கம்பேர்' என்ற மென்பொருளை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார்கள். ஸ்கேனர் நிறுவனங்களும் தங்கள் கருவியோடு ஒப்பீட்டு வசதி தருகின்றன. டென்மார்க்கின் த்ரீஷேப் நிறுவனத்தின் ட்ரியோஸ் ஸ்கேனரில் 'பேஷன்ட் மானிட்டரிங்', ஐடெரோ என்ற ஸ்கேனரில் 'டைம்லாப்ஸ்'. நோயாளிக்குக் காட்டி விளக்க இவை மிக நல்லவை. மைக்ரான் கணக்கில் முடிவெடுக்க வேண்டுமானால் பல் பல்லாகப் பிரித்து, நங்கூரப் பரப்பைக் கையால் குறித்து ஒப்பிடுவதைத்தான் நான் நம்புவேன். முழு வரிசையாக ஒப்பிட்டால் இன்னொரு குழப்பமும் வரும்: பற்கள் வருடக்கணக்கில் மெல்ல இடம் மாறுகின்றன. நகர்ந்த பல் தேய்ந்த பல்லாகத் தெரிந்துவிடும்.

ஒப்பீட்டுப் படம் சரியா தப்பா என்பதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். பொதுவாக மாறாத இடம் பச்சை, குறைந்த இடம் நீலம், கூடிய இடம் சிவப்பு. சில மென்பொருளில் நிறம் மாறியிருக்கும், ஓரத்தில் உள்ள அளவுகோலைப் பாருங்கள். எனாமல் தானாக வளராது. அப்படியிருக்க ஒரு பல்லில் "கூடியிருக்கிறது" என்று நிறம் வந்தால், அங்கே காரை (பல்லில் கெட்டியாகப் படியும் அழுக்கு) படிந்திருக்கலாம், புதிதாக அடைத்திருக்கலாம், எச்சில் தேங்கியிருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் பொருத்தியதே தவறு. ஒரே பல்லில் ஒரு பக்கம் முழுக்க நீலம், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் முழுக்க சிவப்பு என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், வடிவம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தப் படத்தை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. உண்மையான தேய்மானம் சின்னதாக, இடம் குறித்ததாக இருக்கும். மேட்டின் நுனியில் ஒரு வட்டம், எதிர்ப்பல் உரசும் இடத்தில் ஒரு பட்டை, இப்படி.

அளவுகோலின் எல்லையும் கவனிக்க வேண்டியது. எல்லையை 50 மைக்ரானில் வைத்தால் எந்த வாயும் அச்சமூட்டும் வண்ணப்படம் ஆகிவிடும். அதே பல்லை 500 மைக்ரானில் வைத்தால் எல்லாம் பச்சையாகி, ஒன்றுமே நடக்காதது போல இருக்கும்.

காரை பற்றி இன்னொன்று. முதல் ஸ்கேன் எடுத்த பிறகு பல் சுத்தம் செய்து, அப்புறம் இரண்டாவது ஸ்கேன் எடுத்தால், கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் பெரிய இழப்பு தெரியும். போனது பல் இல்லை, காரைதான். ஆகவே இரண்டு முறையும் சுத்தம் செய்த பிறகே எடுக்கச் சொல்லுங்கள். பல்லை நன்றாகக் காற்றடித்து உலர்த்த வேண்டும், எச்சில் படலமும் பல்லின் பளபளப்பும் வெளிச்சத்தை ஏமாற்றும். முன்பல்லின் கூர்மையான விளிம்பை ஸ்கேனர் கொஞ்சம் மழுக்கித்தான் காட்டும். தேய்மானம் முதலில் தெரியும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதால், அங்கே கண்ணையும் புகைப்படத்தையும் கூடவே வைத்துக்கொள்வது நல்லது. முடிந்தால் இரண்டு முறையும் ஒரே வகைக் கருவி, ஒரே வரிசையில் நகர்த்திய ஸ்கேன். பழைய கருவிகளில் பளபளப்பைக் குறைக்கப் பல் மேல் வெள்ளைப் பொடி தூவுவோம், அந்தப் பொடிக்கும் ஒரு தடிமன் உண்டு. பொடி போட்டு எடுத்ததையும் போடாமல் எடுத்ததையும் மைக்ரான் கணக்கில் ஒப்பிடுவதில் பொருளில்லை.

சரி, இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஸ்கேன் தேவையா என்றால், கட்டாயம் தேவை என்றுதான் சொல்வேன். இன்றைக்கு எடுத்த ஸ்கேனின் மதிப்பு இன்றைக்குத் தெரியாது. ஐந்து வருடம் கழித்து, "இந்தப் பல் 36 வயதில் எப்படி இருந்தது?" என்று கேட்க வேண்டி வரும்போது அதுதான் ஒரே சாட்சி. முன்பு இதற்காகப் பிளாஸ்டர் மாதிரிகளை அட்டைப் பெட்டியில் போட்டு வைப்போம். உடையும், தொலையும், ஓரம் சிதறும். கோப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கிளினிக் மாறினால், கணினி மாறினால், சந்தா முடிந்தால் கோப்பு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். எனவே இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிஎல் அல்லது பிஎல்ஒய் என்ற பொது வடிவில் கேளுங்கள், எந்த மென்பொருளிலும் திறக்கலாம். பிஎல்ஒய்யில் பல்லின் நிறமும் சேர்ந்து வரும் வசதி உண்டு, எது எனாமல், எது உள்ளே இருக்கும் மஞ்சள் டென்டின் என்று பிரித்துப் பார்க்க அது உதவும்.

சில வருடம் முன்பு பல்லை வரிசைப்படுத்தும் அலைனர் போட்டிருந்தீர்களா? அதற்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். சின்ன வயதில் கிளிப் போட்டிருந்தால் உங்கள் பல்லின் பிளாஸ்டர் மாதிரி அந்த கிளினிக்கில் இன்னும் இருக்கலாம், அதையும் ஸ்கேன் செய்து கோப்பாக்கலாம். எனாமலின் மைக்ரான் கணக்குக்கு அது துல்லியமாக இருக்காது. பத்து வருட இடைவெளி என்பதால் மாற்றமே பெரிதாக இருக்கும், அதனால் பயன்படும். ஒரு வருடம் காத்திருக்காமலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஸ்கேன் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: ஏன் தேய்ந்தது என்பது. அதைப் பல்லின் எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்பதும் உங்கள் வாய்ப்பேச்சும்தான் சொல்ல வேண்டும். மேல் முன்பற்களின் உட்பக்கம் வழவழவென்று கரைந்து, ஈறு ஓரத்தில் மட்டும் மெல்லிய எனாமல் வளையம் மிஞ்சியிருந்தால், வயிற்றிலிருந்து வரும் அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். நெஞ்செரிச்சல், இரவில் புளித்த ஏப்பம், அடிக்கடி வாந்தி இவற்றைக் கேட்போம். அந்த இடத்தை நோயாளி கண்ணாடியில் பார்க்கவே முடியாது, ஸ்கேனைத் திருப்பிக் காட்டும்போதுதான் பலரும் முதல்முறை பார்க்கிறார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் மேடுகளில் சின்னச் சின்னக் கிண்ணம் போன்ற குழிகள், பழைய அடைப்பு மட்டும் சுற்றியுள்ள பல்லைவிட உயர்ந்து நிற்பது, இவை அமிலத்தின் கைவரிசை. மேல் பல்லிலும் கீழ்ப் பல்லிலும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும் தட்டையான பளபளப்பான பரப்பு இருந்தால் தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம். ஈறு ஓரத்தில் ஆப்பு வடிவ வெட்டு என்றால் பிரஷை அழுத்தித் தேய்ப்பது, சொரசொரப்பான பல்பொடி, கரித்தூள், உப்பு. வெற்றிலை பாக்கு மெல்லும் பெரியவர்களுக்குக் கடைவாய் தட்டையாகிப் போயிருப்பதை நம் ஊரில் இன்னும் பார்க்கலாம். ஒரே வாயில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதுதான் வழக்கம்.

அமிலம் பற்றி நம்மவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிஹெச் என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கடுமை. எனாமல் கரையத் தொடங்கும் பிஹெச் சுமார் 5.5 என்று சொல்வோம். எலுமிச்சைச் சாறும் கோலாவும் 2.5-ஐ ஒட்டி வரும். காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து மெல்ல மெல்ல உறிஞ்சுவது உடம்புக்கு நல்லது என்று பரவியிருக்கிறது, பல்லுக்கு அது நல்லதில்லை. ஆப்பிள் சிடர் வினிகரும் அப்படியே. ஆனால் தயிரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அதன் பிஹெச்சும் 4-ஐ ஒட்டித்தான் இருக்கிறது, இருந்தும் பல்லைக் கரைப்பதில்லை, காரணம் அதில் நிறைந்திருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும். புளிக்குழம்பு சோற்றோடு சேர்ந்து நிமிடங்களில் உள்ளே போய்விடுகிறது. ஒரு பாட்டில் குளிர்பானத்தை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வாய் நனைக்கும் பழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதே கணக்கு.

இப்போது கேப். 2017-ல் ஐரோப்பிய நிபுணர்கள் கூடி வெளியிட்ட கருத்தொருமிப்பு, கடுமையான தேய்மானத்திலும்கூட முதலில் காரணத்தைக் கண்டுபிடித்துத் தடுப்பதும் கண்காணிப்பதும்தான் என்றும், பல் கட்டும் சிகிச்சையை முடிந்தவரை தள்ளிப்போட வேண்டும் என்றும் சொல்கிறது. நானும் அதையேதான் சொல்வேன். கேப்புக்காகப் பல்லைச் செதுக்கும்போது ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ எடுக்க நேரும். இயல்பான வேகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் எடுத்துத் தேயக்கூடியதை ஒரே மதியத்தில் நாங்களே எடுத்துவிடுகிறோம். கட்டியே ஆக வேண்டும் என்றால், செதுக்காமல் பல் நிறப் பிசின் பொருளை மேலே ஒட்டிக் கட்ட முடியுமா என்று கேளுங்கள், பல நேரம் முடியும். காரணத்தை நிறுத்தாமல் எதைக் கட்டினாலும் சுற்றியுள்ள பல் கரைந்துகொண்டேதான் இருக்கும்.

உங்கள் கூச்சத்துக்கு இப்போதைக்குச் செய்யக்கூடியது: மென்மையான பிரஷ், பொடிக்குப் பதில் ஃப்ளோரைடு பேஸ்ட், அதிலும் ஸ்டானஸ் ஃப்ளோரைடு உள்ளது அமிலத் தேய்மானத்துக்குக் கூடுதல் காப்பு தரும். புளிப்பு சாப்பிட்ட கையோடு பல் தேய்க்காமல் தண்ணீரால் கொப்பளியுங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் வயிற்று மருத்துவரையும் பாருங்கள், அதைப் பல் டாக்டரிடமும் சொல்லுங்கள். இரண்டாவது ஸ்கேனை ஆறு மாதத்துக்குப் பதில் ஒரு வருடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே பேசுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. தேய்ந்த இடத்தின் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் பல்லின் கூழ் (நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள உட்பகுதி) மிக அருகில் வந்துவிட்டது. குளிர்ச்சி பட்டால் சுரீரென்று வந்து உடனே போகும் கூச்சம் வேறு; சூடு பட்டு நிமிடக்கணக்கில் நிற்கும் வலி, இரவில் எழுப்பும் வலி வேறு. முன்பல் விளிம்பு அடிக்கடி சிலும்பாக உடைவது, சில மாதங்களில் பல் குட்டையாகிவிட்டதாக வீட்டில் உள்ளவர்களே சொல்வது, இவை இருந்தால் இரண்டாவது ஸ்கேனுக்காக நாள் எண்ண வேண்டாம், இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.